சோளத்தைச் சோளமாகச் சுவைப்போம்

(திருவண்ணாமலையில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குளூட்டன் இல்லாத சோள பீரைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அண்ணாமலையார் ஊரில் இப்படி ஒரு தலைப்பா என்று சிலருக்கு நெருடும். அந்த நெருடலை நான் மதிக்கிறேன். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை இருக்கிறது. குடியால் குலைந்த குடும்பங்கள் நம் எல்லோருடைய தெருவிலும் உண்டு. குடியை வளர்க்க நான் வரவில்லை. இந்த மேடையில் மது ஒரு சொட்டுகூட இல்லை. மேசைமேல் நீங்கள் பார்க்கிற மூன்று மண் குவளைகளிலும் இருப்பது சோளக் கூழ்.

அப்படியானால் பீரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? சோளத்தின் சுவையை நுட்பமாகப் பிரித்துப் பார்த்து, எழுதி, மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் சோள பீர் செய்கிறவர்களுக்கு வந்தது. அவர்கள் பட்ட பாட்டிலிருந்து நம் கூழுக்கும் களிக்கும் தோசைக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது. சோளத்தைச் சோளமாகத்தான் மதிப்பிட வேண்டும் என்பதே அந்தப் பாடம். வேறொரு தானியத்துக்கு வகுத்த அளவுகோலை அதன்மேல் வைத்தால் நல்லது தோற்றுப்போகும், கெட்டது தேறிவிடும்.

நான் சோளம் என்று சொல்வது மக்காச்சோளத்தை அல்ல. நம் தாத்தா பாட்டி சோறாகவும் களியாகவும் தின்ற நாட்டுச் சோளத்தைச் சொல்கிறேன். வெள்ளைச் சோளம், செஞ்சோளம், இருங்குச் சோளம், தலைவிரிச்சான் சோளம் என்று நம்மிடம் பல வகை இருந்தன. இன்று நம் பக்கத்தில் சோளம் விதைக்கிறவர்களில் பலர் தட்டைக்காகவே விதைக்கிறார்கள். மாட்டுக்குத் தீவனமாகிறது, மனிதர் தட்டுக்கு வருவது அபூர்வமாகிவிட்டது.

செங்கத்து மலையும் பழைய சாடியும்

தானியத்தைப் புளிக்க வைக்கும் கலை நமக்குப் புதிதல்ல. இங்கிருந்து மேற்கே இருக்கும் செங்கம்தான் சங்க நூலான மலைபடுகடாம் பாடும் செங்கண்மா. இரணியமுட்டத்துப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய 583 அடிப் பாட்டு அது. நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழியில் கிடைக்கும் விருந்துகளை வரிசையாகச் சொல்கிற அந்தப் பாட்டில், மலைக் குடியிருப்புகளில் மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் மதுவும் வருகிறது. அந்தப் பாட்டில் வரும் நவிர மலையைத்தான் இன்று பர்வதமலை என்கிறோம்.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் செய்முறையே இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாயகன்ற தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். உரையாசிரியர்கள் நெல்முளை அடை என்று விளக்கும் ஒன்றை அதில் பிசைய வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். முளைகட்டிய தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும், அந்தச் சர்க்கரை புளித்து மதுவாகும் என்பதைத் தொழிலாக அறிந்தவர்களின் முறை இது. பார்லியை முளைகட்டி பீர் செய்கிறவர்கள் இன்றும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறார்கள்.

குளூட்டன் ஏன் வேண்டாம்?

கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் உள்ள ஒரு வகைப் புரதத்தைக் குளூட்டன் என்கிறோம். பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. பிள்ளைகள் வளராமல் தேய்வார்கள், பெரியவர்களுக்கு இரத்தசோகையும் எலும்புத் தேய்வும் வரும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவது ஒன்றே வழி. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே இதை நெடுநாள் கவனித்துவந்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, மற்றவர்கள் பட்டினியில் வாடிய காலத்தில், இந்தப் பிள்ளைகளின் நிலை சீரானது. 1950-இல் அவர் தன் ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என்று எழுதினார்.

இந்தியாவின் நிலையைப் பாருங்கள். 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று வடக்கே 100 பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே 1000 பேரில் ஒருவருக்கும் இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தெற்கே ஆய்வு நடந்த இடம் நம் பக்கத்து வேலூர். ஆயிரத்தில் ஒருவர்தானே என்று ஒதுக்க முடியாது. பௌர்ணமி கிரிவல இரவில் இந்த ஊர் வீதிகளில் எத்தனை லட்சம் பேர் நடக்கிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள். அவர்களில் வடநாட்டார் எத்தனை, வெளிநாட்டார் எத்தனை?

அவர்களில் இந்நோய் உள்ளவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? இட்லி அரிசியும் உளுந்தும், அதில் குற்றமில்லை. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ரவையும் சேமியாவும் கோதுமை. சோளத்தில் குளூட்டன் இல்லை, ஆனால் கோதுமை அரைத்த மில்லில் அடுத்ததாகச் சோளத்தைக் கொட்டினால் கல்லில் ஒட்டியிருந்த மாவு அதில் சேர்ந்துவிடும். உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸும் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் வைத்திருக்கும் எல்லை, ஒரு கிலோவில் 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகை மாவுகூட அந்த எல்லையைத் தாண்டச் செய்யும். சோள மாவு விற்கிறவருக்கும் சோள பீர் செய்கிறவருக்கும் முதல் சோதனை இதுதான். சுவை அதற்குப் பிறகுதான்.

பீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்லியில் பீர் செய்து, பிறகு ஒரு நொதியைச் சேர்த்து அந்தப் புரதத்தை வெட்டிவிட்டோம் என்று சிலர் விற்கிறார்கள். புளித்த பண்டத்தில் துண்டு துண்டாகிவிட்ட புரதத்தைச் சோதனையால் சரியாக அளக்க முடியாது. அதனால் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எப்டிஏ 2020-இல் ஒரு விதி செய்தது. புளிக்க வைப்பதற்கு முன்பே மூலப்பொருளில் குளூட்டன் இருக்கக்கூடாது, அப்போதுதான் குளூட்டன் இல்லை என்று எழுதலாம். தொடக்கத்திலிருந்தே தூய்மையாக இருக்கும் தானியங்களில் சோளத்துக்கு முக்கிய இடம் உண்டு.

சோளம் எளிதில் வசப்படாது

பார்லிக்குப் பதில் சோளத்தைப் போட்டால் போதும் என்று நினைத்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். முதல் தடை முளையில் இருக்கிறது. இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் விழுந்துவிடும் என்று நம் உழவர்கள் எல்லோருக்கும் தெரியும். துரின் என்ற பொருள் சயனைடாக உடைவதுதான் காரணம். தானியத்தை முளைகட்டும்போதும் அதே பொருள் முளையில் சேர்கிறது. ஆகவே முளைத்த சோளத்தை நன்றாக உலர்த்தி, வேரையும் முளையையும் தேய்த்து உதிர்த்துத் தூற்றிவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

இரண்டாவது தடை சூடு. பார்லியின் மாவுச்சத்து 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். சோளத்துக்கு ஏறத்தாழ 70 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் சர்க்கரையாக்கும் நொதிகள் பெரும்பாலும் செயலிழந்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் பெண்கள் இதற்கு வழி கண்டார்கள். முளைச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுவார்கள். நொதிகள் மேல்தெளிவில் இருக்கும், அதை இறுத்துத் தனியே வைப்பார்கள். அடியில் தங்கிய கெட்டியைக் கொதிக்கவைத்து, சூடு தணிந்ததும் மேல்தெளிவைத் திரும்ப ஊற்றுவார்கள். தெளியவைக்க வெண்டைச் செடியின் வழவழப்பான சாற்றையும் சேர்ப்பதுண்டு. பள்ளிக்கூடம் பார்க்காத கைகள் கண்டுபிடித்த உயிர்வேதியியல் இது. அந்தப் பானத்துக்கு டோலோ என்று பெயர். செஞ்சோளத்தில் செய்வது, சுரைக்குடுவையில் பரிமாறுவது.

மூன்றாவது தடை துவர்ப்பு. சில செஞ்சோள வகைகளில் டானின் மிகுதி. கதிரைக் குருவி தின்னாமல் அது காக்கும். ஆனால் சாடிக்குள் அது நொதிகளைப் பிடித்துக்கட்டும், நாக்கையும் இழுக்கும். எல்லாச் செஞ்சோளமும் அப்படியல்ல, நிறத்தைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

சோள பீரில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று ஆப்பிரிக்காவின் பழைய கலங்கல் பீர். தென்னாப்பிரிக்காவில் உம்கொம்போதி, ஜாம்பியா, ஜிம்பாப்வே பக்கத்தில் சிபுகு. முதலில் பால் புளிப்பதுபோல் லாக்டிக் புளிப்பு ஏறும், பிறகு ஈஸ்ட் வேலை செய்யும். வடிகட்டித் தெளிவாக்குவதில்லை. அட்டைப்பெட்டியில் அடைத்த பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும். அடியில் மாவு தங்குவதால் குலுக்கித்தான் குடிக்க வேண்டும்.

மற்றது ஆலையில் செய்யும் தெளிந்த பீர். 1988-இல் நைஜீரியா முளைகட்டிய பார்லியான மால்ட்டின் இறக்குமதியைத் தடைசெய்தது. பெரிய ஆலைகள் எல்லாம் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாற வேண்டியதாயிற்று. 2002-இல் உகாண்டாவில் எபுரிபூர் என்ற உள்நாட்டுச் சோள வகையில் ஈகிள் லாகர் வந்தது. அதன்மூலம் சிறு விவசாயிகளின் சோளத்துக்கு ஆலைக் கதவு திறந்தது. அமெரிக்காவில் 2006-இல் மில்வாக்கியின் லேக்ஃப்ரண்ட் நிறுவனம் நியூ கிரிஸ்ட் என்ற பீரையும், ஆண்டு முடிவில் ஆன்ஹைசர் புஷ் ரெட்பிரிட்ஜ் என்ற பீரையும் கொண்டுவந்தன. இரண்டிலும் சோளம். அடுத்த ஆண்டு, 2007-இல், டென்வரில் நடக்கும் அமெரிக்கப் பெரும் பீர் விழாப் போட்டியில் குளூட்டன் இல்லாத பீருக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். தனிப் பிரிவு இல்லாவிட்டால் இந்தப் பீர்கள் பார்லி பீரோடு ஒரே வரிசையில் நின்று, மெலிவு, நுரை நிற்கவில்லை, ஏதோ புளிப்பு என்று தோற்க வேண்டியிருக்கும்.

நடுவரின் மேசை

நடுவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம். 1985 முதல் அமெரிக்காவில் பீர் நடுவர்களைத் தேர்வு வைத்துத் தயார்செய்யும் அமைப்பு ஒன்று இருக்கிறது. பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம் என்று பெயர். அதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள். கண் ஏமாற்றும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குவளையைக் கையில் எடுத்ததும் முதலில் முகர வேண்டும். மணம் சீக்கிரம் ஓடிவிடும். பிறகு நிறம், நுரை, கலங்கல். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்க வேண்டும். விழுங்கிய பின் தொண்டையில் என்ன நிற்கிறது என்று காத்திருக்க வேண்டும். மிகவும் குளிர்ந்திருந்தால் குற்றம் தெரியாது, சற்றே சூடு ஏறவிட வேண்டும். இடையிடையே வாயைத் துடைக்க வழக்கமாக ரொட்டித் துண்டோ பிஸ்கட்டோ வைப்பார்கள். சீலியாக் உள்ள நடுவர் உட்காரும் மேசையில் அதற்கு இடமில்லை, அங்கே அரிசிப் பொரியும் வெந்நீரும் போதும்.

அடுத்தது குற்றம் எது, குணம் எது என்று பிரிப்பது. உருகிய வெண்ணெய் வாசனை வந்தால் டையாசிட்டில், ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் இளம்பருவத்திலேயே எடுத்துவிட்டார்கள். மூக்கைக் குத்தும் காடி வாடை வந்தால் கெட்டுப்போனது. மக்கல் வாடை வந்தால் மழையில் நனைந்து பூசணம் பிடித்த கதிர். இவை எந்தத் தானியத்திலும் குற்றமே.

சோளப் பாகில் செய்த தெளிந்த பீரில் ஒரு மெல்லிய புளிப்பும் உலோகச் சாயலும் வரும். வாயில் கனம் குறைந்திருக்கும். நுரை சீக்கிரம் அடங்கும், ஏனென்றால் நுரையைத் தாங்கும் பார்லிப் புரதங்கள் அதில் இல்லை. இதைக் கெட்டுப்போனது என்று எழுதுகிற நடுவர் தானியத்தை அறியாதவர். கலங்கல் பீரில் புளிப்பும் கெட்டியும் கலங்கலும் வேண்டியே செய்தவை. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்க்காததால் கசப்பும் இராது. கசப்பு எங்கே, தெளிவு எங்கே என்று அதில் தேடுவது, நாகசுரத்தைக் கேட்டுவிட்டு வீணையின் மென்மை இல்லையே என்பது போலாகும். மாறாக, சோளத்தின் சாயலே தெரியாமல் செய்துவிட்டு, பார்லி பீர் போலவே இருக்கிறது என்று பாராட்டு வாங்குவதும் தவறான வெற்றி. வேறு தானியத்தில் செய்த பீரில் அந்தத் தானியத்தின் குணம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் சாதாரண வகையிலேயே சேருங்கள் என்று அந்த நடுவர் அமைப்பின் கையேடே சொல்கிறது.

மூன்று குவளைக் கூழ்

இப்போது இந்தக் குவளைகளுக்கு வருவோம். இந்தக் கூழ் எப்படி வந்தது என்று தாய்மார்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சோளத்தில் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, தவிட்டைப் புடைத்து நீக்கி, நொய்யும் மாவுமாகப் பிரிக்க வேண்டும். மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டி இறக்க வேண்டும். மண்பானையில் ஓர் இரவு கிடந்து, காலையில் மோர் விட்டுக் கையால் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் கூழ். ஆப்பிரிக்கக் கலங்கல் பீரின் முதல் கட்டமும் இதே லாக்டிக் புளிப்புதான். நாம் ஈஸ்ட் வேலை செய்யுமுன் வேகவைத்து உணவாக நிறுத்திக்கொண்டோம், அவர்கள் தொடர்ந்து போனார்கள்.

மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே சோளம், ஒன்றில் வேறு சோளம். எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். உணவு ஆய்வகங்கள் இதை முக்கோணச் சோதனை என்பார்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே 30 பேர் சுவைத்து 10 பேர் சரியாகச் சொன்னால் அது நிரூபணமாகாது. 15 பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்மையில் நாக்குக்குத் தெரிகிறது என்று ஏற்பார்கள். நாட்டுச் சோளம்தான் ருசி என்று நாம் அடிக்கடி மேடையில் சொல்கிறோம். அதை இப்படிச் சோதித்துப் பார்த்துச் சொன்னால் கேட்பவர் நம்புவார், வாங்குபவர் விலை கொடுப்பார்.

கூழுக்கு ஒரு மதிப்பெண் தாளை நான் முன்வைக்கிறேன். மொத்தம் 50 இருக்கட்டும். மணத்துக்கு 10: புளித்த மாவின் இனிய வாசனை இருக்க வேண்டும், மக்கலும் அடிப்பிடித்த வாடையும் கூடாது. தோற்றத்துக்கு 5: கட்டி தட்டாமல் கரைந்திருக்க வேண்டும். சுவைக்கு 20: புளிப்பு மோர்ப்பக்கம் நிற்க வேண்டும், காடிப்பக்கம் போகக்கூடாது, அதன் கீழே சோளத்தின் இனிப்பு தெரிய வேண்டும். வாயில் உணரும் கெட்டிக்கு 10: நொய் பல்லில் படவேண்டும், மாவு வழவழக்கக் கூடாது. விழுங்கிய பின் நிற்கும் சுவைக்கு 5: துவர்ப்பு மெல்லியதாக வந்து அடங்க வேண்டும். பீர்த் தாளில் கனத்துக்கு 5 என்றால் கூழுக்கு நான் 10 வைத்திருக்கிறேன், ஏனென்றால் கூழ் பசியாற்ற வந்த உணவு. இதில் திருத்தம் சொல்லுங்கள். வாழ்நாளெல்லாம் கூழ் காய்ச்சிய கைகள் சொல்லும் திருத்தத்தை நான் தலைமேல் வைத்து ஏற்பேன்.

செய்ய வேண்டியவை

இந்த ஊருக்கு ஒரு பெரும் பேறு இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் அத்தியந்தலில், நம் வாசலிலேயே இருக்கிறது. சாமை, தினை போன்றவற்றில் அத்தியந்தலின் பெயர் தாங்கிய ரகங்கள் வெளிவந்திருக்கின்றன. ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. இந்தியா முன்மொழிந்ததால் ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. விளைச்சலைப் பற்றியும் சத்தைப் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. சுவையைப் பற்றிப் பேச நாம் இன்னும் பழகவில்லை. சத்துக்காக வாங்கியவர் இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுவார். சுவை தெரிந்து வாங்கியவர் பிள்ளைக்கும் பழக்குவார்.

உழவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், சோளத்தை வெறும் சோளம் என்று மூட்டை கட்டாதீர்கள், ரகத்தின் பெயரை எழுதி விற்றுப்பாருங்கள். மாவு மில் வைத்திருப்பவர்களே, வாரத்தில் ஒரு நாளைக் கோதுமை படாத நாளாக ஒதுக்குங்கள். முந்தின நாளே கல்லையும் பெட்டியையும் சுத்தம் செய்து, முதலில் கொஞ்சம் அரிசியை அரைத்துத் தள்ளிவிட்டுச் சோளத்தைப் போடுங்கள். ஆய்வகச் சோதனைக்குப் பிறகே குளூட்டன் இல்லை என்று எழுதுங்கள், ஏனென்றால் அந்த எழுத்தை நம்பி உண்பது நோயாளி. கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்கிறவர்களே, எந்தப் பண்டத்தில் கோதுமையும் கூட்டுப் பெருங்காயமும் இருக்கிறது என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். கல்லூரி மாணவர்களே, ஆடி மாதம் மாரியம்மன் கோவில்களில் கூழ் வார்க்கும்போது ஊர் ஊராகப் போங்கள். எந்தத் தானியம், எத்தனை இரவு புளித்தது, யார் கைப்பக்குவம் என்று கேட்டு, சுவைத்து, அங்கேயே எழுதுங்கள்.

ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் பானத்தைத் தங்கள் அளவுகோலால் காத்தார்கள். சோளத்தின் சுவைக்குத் தீர்ப்பு எழுதும் தகுதி, அதைத் தலைமுறை தலைமுறையாகத் தின்று வளர்ந்த நமக்கும் உண்டு. அந்தத் தகுதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.